இலவச வைத்தியத்துக்கு ஆகும் செலவு

அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது. கிராமம் கிராமமாகப் போய் இலவச முகாம் போடுவது அதன் வழக்கம். அந்த முகாம்கள் நடந்த ஊர்களிலேயே 1990களில் வீடுவீடாக விசாரித்துப் பார்த்தார்கள். பார்வைக் கோளாறு இருந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூட முகாமுக்கு வந்திருக்கவில்லை. பரிசோதனைக்குக் காசில்லை, முகாமும் தூரத்தில் இல்லை. அப்படியும் வரவில்லை. ஆப்பரேஷன் என்றால் பயம், கூடப் போக ஆளில்லை, போக வரச் செலவாகும், வீட்டில் வேண்டாம் என்றார்கள், இந்த வயசுக்கு இந்தப் பார்வை போதும் என்று ஆளுக்கொரு காரணம் இருந்தது.

இந்தக் காரணங்களில் மருத்துவக் கட்டணம் எங்குமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சீட்டுக்குக் காசு வாங்காததால் மட்டும் வைத்தியம் இலவசமாகிவிடாது. மீதிச் செலவு இருக்கிறது: கூலி, துணை, பஸ், காகிதம், அவமானம். அதை யார் தலையில் எவ்வளவு சுமத்துவது என்பதைக் கூலியும் சாதியும் ஆண் பெண் வித்தியாசமும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. முகாமில் தேர்வானவர்களை அங்கிருந்தே பஸ்ஸில் ஏற்றி, சோறு போட்டு, அறுவை முடித்துத் திரும்ப ஊரில் கொண்டுவந்து விடுகிற ஏற்பாடு வெறும் தாராள மனசால் வந்ததல்ல. அந்த மீதிச் செலவை நீக்காமல் அறுவை அரங்குக்கு ஆள் வராது. பிறகு முகாமுக்குக் காத்திருக்காமல் சிறு ஊர்களில் நிரந்தரக் கண் பரிசோதனை மையங்களைத் திறந்ததும் அதே கணக்கில்தான்.

ஒரு நாளின் விலை

பேரையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து காலில் ஆறாத புண்ணோடு ஒரு பெண் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். வெளிநோயாளிகள் பிரிவு காலையில்தான். மதியத்துக்குள் சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, ரத்தம் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். 2021 மே மாதம் முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆனால் அந்தச் சலுகை சாதாரண டவுன் பஸ்ஸுக்குத்தான். ரூட் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுக்க வேண்டும். துணைக்கு மகன் வந்தால் அவனுக்கு எதில் ஏறினாலும் டிக்கெட்.

துணை இல்லாமல் வர முடியாதா என்று கேட்கலாம். சீட்டு ஓரிடம், ரத்தப் பரிசோதனை ஓரிடம், எக்ஸ்ரே ஓரிடம், மாத்திரை வாங்கும் வரிசை ஓரிடம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் நடக்க முடியாதவருக்கும் இன்னொரு ஆள் கட்டாயம். வார்டில் சேர்த்துவிட்டால் இரவும் பகலும் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்ட்ரெச்சர் தள்ளவும் வெளியே போய் ஏதாவது வாங்கிவரவும் ஆளிருக்காது.

இப்போது கணக்கைப் போடலாம். நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். இரண்டு பேர் ஒரு நாள் போகாவிட்டால் 672. ரிசல்ட் வாங்க மறுநாளும் வரச் சொன்னால் 1,344. பஸ்ஸும் டீயும் சோறும் தனி. காலையில் போட்டோ எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வரலாம் என்றால் அதுவும் நடக்காது. வேலையிடத்தில் வருகைப்பதிவுக்குக் கைபேசிச் செயலியில் ஒரு நாளில் இரண்டு முறை படம் எடுக்கிறார்கள், இரண்டிலும் ஆள் இருந்தால்தான் கூலி. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை பறிக்கப் போகிறவர்களுக்கு வேறு மாதிரிச் சிக்கல். மொட்டு விரிவதற்கு முன்னால் பறித்து மாட்டுத்தாவணிச் சந்தைக்கு அனுப்பியாக வேண்டும் என்பதால் விடியுமுன் தோட்டத்தில் இறங்குகிறார்கள். கூலி கிலோக் கணக்கு. அவர்கள் கை ஓயும்போது ஆஸ்பத்திரியில் சீட்டு வரிசையும் ஓய்ந்துவிடும்.

ஆகவே ராத்திரி எட்டு மணிக்கும் திறந்திருக்கிற, பட்டம் இருக்கிறதோ இல்லையோ ஊசி போடுகிற ஆளிடம் போவதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. ஒரு நாள் கூலியை இழப்பதைவிட நூற்றைம்பது ரூபாய் கொடுப்பது லாபம் என்ற கணக்கு சரியான கணக்குத்தான். தப்பு அந்த ஊசிக்குள் இருக்கிறது. வலிக்கும் காய்ச்சலுக்கும் சட்டென்று கேட்பதற்காகப் போடப்படும் டெக்சாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. சுகர் இருப்பவருக்கு அது சர்க்கரையைக் கிடுகிடுவென ஏற்றும், புண் ஆறாது. காசநோய் இருந்தால் காய்ச்சலை அமுக்கிவிட்டு நோயை உள்ளே வளரவிடும். கூடவே போடும் டைக்ளோபெனாக் ஊசி, அடிக்கடி போட்டால், ஏற்கெனவே சுகராலும் பிரஷராலும் தேய்ந்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். ஒரு வருஷம் கழித்து அதே ஆள் பெரியாஸ்பத்திரிக்கு வரும்போது விரலை எடுப்பதா, பாதத்தை எடுப்பதா என்ற கட்டத்தில் இருப்பார். 'முத்தவிட்டுட்டு வந்துட்டீங்களே' என்று கேட்பவர்கள் அந்த ஒரு வருஷத்தின் கூலிக் கணக்கைக் கேட்பதில்லை.

2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தது. சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வயதானவர்களுக்கும் படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கும் இது பெரிய உதவி. ஆனால் காட்டுவேலைக்குப் போகிற வீடு பகலில் பூட்டிக்கிடக்கும். மாத்திரை கொண்டுவரும் பெண் சாயங்காலமோ ஞாயிற்றுக்கிழமையோ வர முடிகிற தெருக்களில்தான் இது முழுசாக வேலை செய்கிறது. தெருவுக்கு ஒரு வீட்டைப் பேசிவைத்து அங்கே கொடுத்துவிட்டுப் போவது நடைமுறையில் கைகொடுக்கும் வழி. அதற்கு அந்தத் தெருவில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகிற பழக்கம் இருக்க வேண்டும்.

இன்சுலினில் இன்னொரு சிக்கல். திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். திறந்த குப்பி, வகையைப் பொறுத்து, 30 டிகிரிக்குக் கீழே சுமார் 28 நாள் தாங்கும். சித்திரை மாதத்தில் மதுரையில் தகரக்கூரைக்குக் கீழே 30 டிகிரி என்பது விடியற்காலையில்தான் இருக்கும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் பெரிய மண்பானைக்குள் ஈரமணல் போட்டு, அதற்குள் சின்னப் பானையை இறக்கி, குப்பியை நனையாதபடி மூடிய டப்பாவில் வைத்து நிழலில் வைக்கலாம். மணல் காயாமல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை தண்ணீர் தெளிக்க வேண்டும். பக்கத்து வீட்டு பிரிட்ஜில் கொடுத்து வைப்பவர்கள் அது ஐஸ் பெட்டிக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், உறைந்த இன்சுலின் வீண். சில ஊர்களில் பக்கத்து வீட்டில் பிரிட்ஜ் இருந்தும் இதைக் கேட்க முடியாது, ஏன் என்பது அடுத்த பகுதி.

ஊரும் காலனியும்

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி. எண்ணிக்கையில் தமிழ்நாடு மோசமில்லை. ஆனால் 5,000 பேர் என்பது ஒரே ஊர் அல்ல. தாய்க்கிராமம், இரண்டு மூன்று சிற்றூர்கள், அவற்றின் காலனிகள் என்னும் தலித் குடியிருப்புகள் எல்லாம் சேர்ந்தது. கட்டடம் எங்கே வரும்? யார் நிலம் தருகிறாரோ அவர் தெருப்பக்கம். இல்லையென்றால் ஊருக்கு வெளியே கம்மாய்க்கரைப் புறம்போக்கில், பொழுது சாய்ந்தால் நர்சம்மாவும் தங்க மாட்டார், பெண்களும் போக மாட்டார்கள். ஊர்த்தெருவுக்குள் இருந்தால் காலனிக்காரர்கள் அந்தத் தெரு வழியாக நடந்துபோக வேண்டும். கோயில் திருவிழாவில் தகராறு நடந்த மாதத்தில் அந்த நடை நின்றுபோகும். தடுப்பூசிப் பதிவேட்டில் அது 'வரவில்லை' என்று ஒரு சொல்லாக நிற்கும்.

பிரிவினை நேரடியாகவே பாதையை மறித்த ஊரும் இந்த மாவட்டத்தில் உண்டு. பேரையூர் பக்கம் உத்தபுரத்தில் 1980களின் கடைசியில் எழுந்த சுவர், தலித் மக்கள் பிரதான பாதைக்கு வருவதைத் தடுத்து நின்றது. அதில் ஒரு பகுதியை நிர்வாகம் 2008 மே 6இல் இடித்தது. பாதை மறிக்கப்பட்டால் பஸ் நிறுத்தம் தூரமாகும், பிரசவவலி வந்தவளைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும், ஆம்புலன்ஸ் எந்த முனையில் நிற்பது என்று தெரியாது. 108 தமிழ்நாட்டுக்கு வந்தது 2008 செப்டம்பரில். வண்டி வந்தாலும் தெருமுனை வரைதான் வரும், அங்கிருந்து வீடு வரை உள்ள சந்து அந்த வண்டியின் பொறுப்பல்ல.

தோப்பூரில் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டியதைப் பற்றிப் பேசாத மேடை மதுரையில் இல்லை. துணை சுகாதார நிலையத்துக்கு எந்தத் தெருவில் மனை எடுத்தார்கள் என்று கேட்ட மேடையைக் காண்பது அரிது. காலனியின் சளியும் பேதியும் பிரசவமும் போகிற இடம் துணை சுகாதார நிலையம்தான்.

சாதி நோயைத் தருகிற நேரடி வழி தொழில். பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும், அடர்த்தி கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை போய்விட்டது என்று இறங்குகிறவர் அப்படியே விழுவார், தூக்கப் போகிறவரும் விழுவார். அதனால்தான் இந்தச் சாவுகள் இரண்டு மூன்றாக நடக்கின்றன. உரிய பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 2022 ஏப்ரலில் மதுரை பழங்காநத்தம் அருகே கழிவுநீர் நீரேற்று நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் மூன்று பேர் இறந்தார்கள். இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கியது. இது செத்தவருக்கு. சாகாமல் இருமிக்கொண்டும் தோல் வெடித்தும் வேலை செய்கிறவர், ஒப்பந்தக்காரர் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் செய்கிறாரா என்று சம்பளச் சீட்டைப் பார்த்தாவது தெரிந்துகொள்ள வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவருக்கு அது உரிமை. சம்பளச் சீட்டே தராத இடங்கள்தான் அதிகம் என்பது வேறு விஷயம்.

பெண்ணின் முறை

தமிழ்நாட்டில் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடப்பது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 99.6 சதவீதம். சாதி, கூலி, தூரம் எதுவும் இதைத் தடுக்கவில்லை. காரணம், பிரசவத்தில் மட்டும் மீதிச் செலவையும் அரசு எடுத்துக்கொண்டது. நர்சம்மா வீடு தேடி வருகிறார், 108 வருகிறது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 14,000 ரூபாய் பணமும் 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகமும் கிடைக்கின்றன. அதே கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்தப் பிரச்சினை அடுப்படிக்குள் நடப்பது. எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுகிற பழக்கத்தை எந்தத் திட்டமும் தொடவில்லை.

கர்ப்பிணிக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரை 180 நாளைக்கு. வாங்குகிறார்கள், பாதியில் நிறுத்துகிறார்கள். மலம் கறுப்பாகப் போகும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பயந்து நிறுத்துவது ஒன்று, குமட்டல் தாங்காமல் நிறுத்துவது இன்னொன்று. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். டீ, காபியோடு போட்டால் சத்து உடம்பில் ஒட்டாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்றாக ஏறும். ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போனால் மாத்திரையை நம்பிக் காத்திருக்கக் கூடாது, ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நிலை அது.

உதவித்தொகை நழுவும் இடங்களும் தெரிந்தவையே. கர்ப்பத்தை 12 வாரத்துக்குள் பதிந்து எண் வாங்க வேண்டும். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டுத் தாய்வீட்டுக்குப் போனதும் நர்சம்மா மாறிவிடுவார், பழைய அட்டையைக் கையோடு எடுத்துப் போகாவிட்டால் பதிவு அங்கேயும் இங்கேயும் இல்லாமல் தொங்கும். வங்கிக் கணக்கு கர்ப்பிணியின் பெயரிலேயே இருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும், வயது 19 நிறைந்தவர்களுக்கு மட்டும் என்கிற நிபந்தனையைப் பற்றித்தான் வாதாட வேண்டும். பிரசவத்தில் ஆபத்து கூடுதலாக உள்ளவர்கள் சின்ன வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டவர்களும் மூன்று நான்கு பெற்றவர்களும். பணம் அவர்களைத் தாண்டிப் போகிறது. 18 வயதுக்குக் கீழே என்றால் இன்னும் சிக்கல். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி ஆஸ்பத்திரி போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்பது ஊருக்கே தெரியும், அதனால் குடும்பமே அவளை மறைத்துவைத்து வலி வந்தபிறகுதான் கொண்டுவரும். பார்த்திருக்க வேண்டிய பிரஷரும் ரத்தசோகையும் அதற்குள் கைமீறியிருக்கும்.

காகிதம்

முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000க்குள் என்ற சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றும் வேண்டும், கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் உள்ள மையத்தில் பதியலாம். வருஷத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்தும் பெயர் மட்டும் அப்பா வீட்டு ரேஷன் கார்டிலேயே இருக்கிற பெண்தான் இதில் அதிகம் மாட்டுகிறவர். பெயர் நீக்கி, சேர்த்து, புதுக் கார்டு வாங்கி, பிறகு அட்டை என்றால் மாதங்கள் ஆகும். நோய் அதற்குள் வந்துவிடும். ஆகவே கல்யாணம் முடிந்த கையோடு முதலில் செய்ய வேண்டிய வேலை இது. அட்டை இருந்தாலும் அது பட்டியலிலுள்ள அறுவைக்கும் உள்நோயாளிச் சிகிச்சைக்கும்தான். மாதாமாதம் மெடிக்கலில் வாங்கும் மாத்திரைக்குக் கிடையாது. குடும்பங்கள் கடனில் விழுவது பெரிய ஆப்பரேஷனால் மட்டுமல்ல, நிற்காத சின்னச் செலவாலும்.

எடையும் தூசும்

காசநோயில் மாத்திரை ஆறு மாதம், முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் மூன்று. எல்லாம் இலவசம். அப்படியிருந்தும் இறக்கிறவர்களில் பலர் தொடக்க வாரங்களிலேயே இறக்கிறார்கள், அவர்களில் நிறையப் பேர் சோற்றுக்கில்லாமல் தேய்ந்தவர்கள். 2022 முதல் தமிழ்நாட்டில் நோய் உறுதியானவுடனேயே மூன்றைப் பார்க்கிறார்கள். உயரத்துக்கு எடை போதுமா என்று காட்டும் உடல் எடைக் குறியீடு 14 அல்லது அதற்குக் கீழ், அல்லது 16க்குள் இருந்து இரண்டு காலும் வீங்கியிருப்பது. மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேல் அல்லது ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழ். பிடிமானமில்லாமல் நிற்க முடியாமை. ஒன்று இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பாமல் வார்டில் சேர்க்க வேண்டும். ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாக, 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு 14 என்றால் 31.5 கிலோ. எடை மெஷினும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் போதும், பெரிய டாக்டர் வேண்டியதில்லை. மாதம் 500 ரூபாயாக இருந்த ஊட்டச்சத்துத் தொகை 2024 நவம்பரிலிருந்து 1,000. அதுவும் வங்கிக் கணக்குக்குத்தான் வரும்.

மேலூர், கீழவளவுப் பக்கம் கல் குவாரிகளில் வேலை பார்த்தவர்களுக்குக் காசநோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தும் இருமல் நிற்காவிட்டால் வேறொன்றையும் சந்தேகிக்க வேண்டும். கிரானைட்டைத் துளைத்து அறுக்கும்போது கிளம்பும் சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிடும், சிலிக்கோசிஸ் என்ற நோய் அது. அதற்கு மருந்தில்லை. எக்ஸ்ரேயில் காசநோய் போலவே தெரியும், சளியில் கிருமி இருக்காது. இரண்டும் சேர்ந்தும் வரும், ஏனென்றால் சிலிக்கா படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பிடிக்கும். முகத்தில் கட்டும் துண்டு இந்தத் தூசைத் தடுக்காது. துளைக்கும் இடத்தில் தண்ணீர் பீய்ச்சினால்தான் தூசு எழாது, தண்ணீருக்குச் செலவு என்று அதைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள்.

சட்டப்படி சிலிக்கோசிஸ் ஒரு தொழில்நோய், இழப்பீடு கேட்கலாம். ஆனால் அங்கே வேலை பார்த்ததற்குத் தாளில் அத்தாட்சி கேட்பார்கள். மேஸ்திரி கையால் வாரக்கூலி வாங்கியவரிடம் அது இருக்காது. ஆகவே இப்போதும் குவாரிக்குப் போகிறவர்கள் கட்டடத் தொழிலாளர் நலவாரிய அட்டையோ கூலி வரவான வங்கிப் பதிவோ எதையாவது ஒன்றைச் சேர்த்துவைக்க வேண்டும். பழைய எக்ஸ்ரே பிலிமைத் தூக்கிப்போடக் கூடாது, பத்து வருஷத்துக்கு முந்தைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்தால்தான் தழும்பு வளர்ந்தது தெரியும். டாக்டரிடம் இருமல் என்று மட்டும் சொல்லாமல், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை கல்லில் வேலை, துளைப்பா அறுப்பா உடைப்பா, தண்ணீர் விட்டு வேலை செய்தார்களா என்று சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும்.